பழைய மோட்டார் படகு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் விடைகளும்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கத்தில் இருப்பவர்கள் தொண்டிக் கடற்கரைக்குப் போய்ப் பழைய படகு வாங்குவது புதிதல்ல. சிலர் கடலோரத்து நண்பருடன் பங்கு சேர்ந்து தொழிலுக்காக வாங்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய சிலர் தங்கள் விருப்பத்திற்காக வாங்குகிறார்கள். இரு சாராருக்கும் உள்ள குறை ஒன்றுதான்: கடலோரத்தில் பிறந்தவர் பார்த்தவுடன் அறிவதை நாம் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் அறிய வேண்டும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

எந்த வகைப் படகைப் பற்றிய குறிப்புகள் இவை?

பெரும்பாலும் கண்ணாடி இழையும் ரெசினும் கொண்டு செய்த, அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் எஞ்சின்) பொருத்திய ஃபைபர் படகைப் பற்றியவை. உள்ளே டீசல் எஞ்சின் வைத்த படகுகளுக்குத் தனியாக ஒரு விடை உண்டு. பெரிய இழுவலை விசைப்படகை முதல் முறையாக வாங்குபவர் தாமே சோதித்து முடிவெடுப்பது சரியல்ல என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கே தேடுவது, எந்த மாதத்தில் போவது?

தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டி அருகில் இருக்கிறது. வடக்கே மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று புதுக்கோட்டை மாவட்டக் கரை தொடங்கிவிடும். தொண்டி இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பதிவு மாற்றத்திற்கு எந்த மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும் என்பதால் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே படகு பார்க்க நல்ல காலம் என்று நினைக்கிறேன். தடை விசைப்படகுகளுக்கானது என்றாலும், பட்டறைகள் இயங்குவதும் தச்சர்களும் ஃபைபர் வேலை செய்பவர்களும் கரையில் கிடைப்பதும் அப்போதுதான். கரையேற்றிய படகின் அடிப்பகுதியை வண்ணம் பூசுவதற்கு முன்பே பார்க்க முடியும். புதிதாக வண்ணம் பூசி முடித்த படகை மட்டும் காட்டுபவரிடம், பூசும் முன் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேட்பதில் தவறில்லை.

முதலில் எஞ்சினைப் பார்ப்பதா, படகின் உடலைப் பார்ப்பதா?

உடலைத்தான். எஞ்சின் கெட்டால் கழற்றிப் பழுது பார்க்கலாம், வேறு எஞ்சின் மாட்டலாம். நீர் ஊறி அடுக்கு விட்டுப்போன உடலைச் சரிசெய்ய ஆகும் செலவில் பல வேளைகளில் வேறு படகே வாங்கிவிடலாம். ஆனால் வாங்க வருபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கி, உடலைச் சுற்றி ஒரு நடை நடந்ததோடு விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்த விடைகளில் உடலுக்குக் கூடுதல் இடம் தருகிறேன்.

ஃபைபர் உடலை எப்படிச் சோதிப்பது?

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், படகு உலர்ந்து, உள்ளே வலையும் பெட்டியும் இல்லாமல் வெறுமையாக இருக்கும்போது பார்க்க வேண்டும். படகின் முன்முனையான அணியத்தின் முன் நின்று இரு பக்க விலாக்களையும் கண்ணை ஓட்டிப் பார்த்தால், மேடு பள்ளங்களும் ஒட்டுப் போட்ட இடங்களும் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். இரு பக்கமும் ஒரே வளைவில் இல்லையென்றால் படகு எங்கோ மோதியிருக்கிறது, அல்லது தாங்கல் சரியில்லாமல் நெடுநாள் கிடந்திருக்கிறது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. இடிக்கும் பழைய வீடுகளிலிருந்து தேக்குத் தூண் வாங்கும் நம் ஊர் வியாபாரிகள் தட்டிப் பார்த்தே உள்ளே பொக்கை இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். அதே காதுதான் இங்கும் வேண்டும். சிறு சுத்தியலின் பிளாஸ்டிக் கைப்பிடியாலோ ஒரு நாணயத்தாலோ ஒரு சாணுக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல உடல் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடமும் நீர் ஊறிய இடமும் மந்தமாக ஒலிக்கும். உள்ளே குறுக்குப் பலகையோ நுரைப்பெட்டியோ உள்ள இடத்தில் இயல்பாகவே ஒலி மாறும் என்பதால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே தட்ட வேண்டும். மந்தமான இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டு போனால், முடிவில் குறை ஒரே இடத்தில் திரண்டிருக்கிறதா, பல இடங்களில் சிதறியிருக்கிறதா என்பது கண்முன் நிற்கும்.

நம் கரையில் குறிப்பாகப் பார்க்க வேண்டியது ஏரா, அதாவது அடியில் நீளமாக ஓடும் தண்டு. மணலில் இழுத்து ஏற்றி இறக்கும் படகுகளில் இந்த இடம்தான் முதலில் தேயும். மேற்பூச்சான ஜெல்கோட் தேய்ந்து உள்ளிருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரிந்தால், அந்த இழைகள் வழியாக நீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். படகைச் சாய்த்து வைக்கச் சொல்லி ஏராவை முழு நீளமும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தேய்வு மட்டுமே என்றால் உலர்த்தி, ‘மேட்’ எனப்படும் கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் புதிதாக ஏற்றிச் சரிசெய்யலாம். ஏராவின் ஓரமாக நீளவாக்கில் விரிசல் ஓடினால் அந்தப் படகை விட்டுவிடுவது நல்லது.

மேற்பூச்சில் உள்ள விரிசல்கள் எல்லாம் ஆபத்தானவையா?

இல்லை. வெயிலில் வெளிறிப்போய்க் கையில் மாவாக ஒட்டும் பூச்சு பழமையின் அடையாளம் மட்டுமே. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகப் பிரியும் மெல்லிய விரிசல் அங்கே அடி பட்டதைச் சொல்கிறது. அந்த இடத்தின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். எஞ்சின் மாட்டும் இடம், குறுக்குப் பலகை விலாவைத் தொடும் மூலை, கயிறு கட்டும் கட்டை ஆகியவற்றைச் சுற்றி இணையாக ஓடும் விரிசல்கள் உடல் வளைந்து கொடுப்பதைக் காட்டுவதால் கவலைக்குரியவை.

அடியில் கொப்புளங்கள் இருந்தால்?

நெடுநாள் நீரிலேயே மிதந்து கிடந்த ஃபைபர் படகில் நீர் மேற்பூச்சைக் கடந்து உள்ளே போய், அங்குள்ள வேதிப்பொருள்களோடு சேர்ந்து கொப்புளமாக எழும்பும். உடைத்தால் வரும் நீர் பிசுபிசுப்பாகவும் புளித்த காடி நெடியுடனும் இருந்தால் அது வெறும் வண்ணக் கொப்புளம் அல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இருந்தால் விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். அடி முழுவதும் பரவியிருந்தால் பூச்சைச் சுரண்டி எடுத்து, வாரக்கணக்கில் உலரவிட்டு, மீண்டும் பூச வேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்து தருவதாக வாய்ப்பேச்சில் சொல்லும் விற்பனையாளரிடம், முடித்த பிறகே பணம் என்று சொல்லிவிட வேண்டும்.

பின்பலகையை ஏன் தனியாகப் பார்க்கச் சொல்கிறார்கள்?

எஞ்சினின் முழு எடையையும் தள்ளுவிசையையும் தாங்குவது பின்பலகை. பெரும்பாலான ஃபைபர் படகுகளில் அது வெளியே ஃபைபராகத் தெரிந்தாலும் உள்ளே ஒட்டுப்பலகையாகவே இருக்கும். எஞ்சினைப் பிடிக்கும் போல்ட்டுத் துளைகள் வழியாகவும், மேல் விளிம்பு உடைந்த இடம் வழியாகவும் நீர் இறங்கி, பலகை உள்ளேயே மக்கிவிடும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. எஞ்சினைப் பாதியளவு தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அழுத்த, மற்றொருவர் பின்பலகையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பலகை எஞ்சினோடு சேர்ந்து அசைந்தாலோ மூலைகளில் விரிசல் வாய் திறந்தாலோ உள்ளே மக்கல் உண்டு. எஞ்சினின் பிடிகள் பலகைக்குள் அழுந்திப் பள்ளம் விழுந்திருப்பதும் அதே செய்தியைச் சொல்லும். உரிமையாளர் இசைந்தால் தாழ்வாக உள்ள திருகு ஒன்றைக் கழற்றிப் பார்க்கலாம். துளையிலிருந்து பழுப்பு நீர் கசிந்தாலோ, கம்பியால் குத்தும்போது ஈரமான மரத்தூள் வந்தாலோ வேறு சான்று தேவையில்லை. பின்பலகையை மாற்ற முடியும். ஆனால் ஒரு நல்ல ஃபைபர் வேலைக்காரரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்காமல் விலை பேசக்கூடாது.

புயலில் அடிபட்ட படகு என்பதை எப்படி அறிவது?

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் பாக் நீரிணைக் கரையின் படகுகளுக்குப் பெரும் சேதம் விளைவித்தது. அவற்றில் பல ஒட்டுப்போட்டு மீண்டும் தொழிலுக்கு வந்தன. நன்றாகச் செய்த ஒட்டு குறையல்ல. படகு அதற்கு முந்தையது என்றால் அந்த நாளில் எங்கே கட்டியிருந்தது, என்ன ஆனது என்று நேராகவே கேட்கலாம். உட்புறத்தில் மற்ற இடங்களைவிடத் தடிப்பாகவும் வேறு நிறத்திலும் உள்ள ‘மேட்’ துண்டுகள் ஒட்டின் எல்லையைக் காட்டும். ஒட்டின் ஓரம் படிப்படியாக மெலிந்து உடலோடு கலந்திருந்தால் தெரிந்தவர் செய்த வேலை. நகத்தால் தூக்க வந்தால் அவசரத்தில் ஒட்டியது.

அவுட்போர்டு எஞ்சினைக் கரையில் வைத்து எந்த அளவுக்குச் சோதிக்கலாம்?

கணிசமான அளவுக்கு. ஆனால் நாம் போய்ச் சேரும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சூடான எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பும். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் நிலை தெரியும். சென்றவுடன் மூடியின் மேல் கை வைத்துப் பார்ப்பது மரியாதைக் குறைவல்ல.

இயக்குவதற்கு முன்பே கியர் ஆயிலைப் பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதியின் அடித்திருகைத் தளர்த்திச் சில சொட்டுகள் எடுத்தால் போதும். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. நம் கரையில் இதற்குப் பெரும்பாலும் தங்கூசி நரம்பே (வலை பின்னும் நைலான் இழை) காரணம்: கைவிடப்பட்ட வலைத்துண்டு புரொப்பல்லர் சாப்டில் சுற்றிக்கொண்டு, உள்ளேறி, நீர்த்தடுப்பு வளையத்தை அறுத்துவிடும். ஆகவே புரொப்பல்லரைக் கழற்றி, பின்னால் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியதும் கம்ப்ரஷன் மானி (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கருவி) வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிடச் சிலிண்டர்களுக்கிடையே எவ்வளவு வேறுபாடு என்பதே முக்கியம். 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஏன் என்று மெக்கானிக் விளக்க வேண்டும். எஞ்சின் பிளாக்கின் இணைப்புகளில் வெள்ளை உப்புத் தடம் காய்ந்திருந்தால் அங்கே குளிர்விக்கும் நீர் கசிகிறது.

பிறகு நீர் நிரப்பிய டிரம்மில் கீழ்ப்பகுதியை மூழ்கவைத்து இயக்கலாம். நீரில்லாமல் “ஒரு நிமிடம்தான்” என்று இயக்கிக் காட்ட யாரையும் அனுமதிக்கக்கூடாது. குளிர்விக்கும் நீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் அந்தச் சிறு நேரத்திலேயே கருகிவிடும். இயங்கத் தொடங்கியதும் பின்புறச் சிறு துளையிலிருந்து நீர் பீய்ச்சி வர வேண்டும். நூலாக இழுத்தாலோ விட்டு விட்டு வந்தாலோ இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், உள்வழிகளில் உப்பு இறுகியிருக்கலாம். முதலாவது சிறு செலவு, இரண்டாவது அப்படியல்ல.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினை வாங்கலாமா?

வாங்கலாம். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்குக் கொண்டுவருவதே முறை. அந்தக் கடைசிப் படியைத் தவறவிடுபவர்களின் எஞ்சினில் கரி படியும், அடுத்த நாள் கிளம்பாது. உரிமையாளரிடம் “எப்படி நிறுத்துவீர்கள்?” என்று கேட்டால், அவர் சொல்லும் விதத்திலேயே எஞ்சினை எப்படி வைத்திருந்தார் என்று புரிந்துவிடும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் எண்ணெய் எந்த அளவில் கலந்தார் என்பதையும் கேட்டு, கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

உள்ளே டீசல் எஞ்சின் உள்ள படகுக்கு வேறு என்ன பார்க்க வேண்டும்?

புகையைப் பார்க்க வேண்டும். கிளம்பிச் சூடான பிறகும் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சுமையில் கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது புரொப்பல்லர் எஞ்சினுக்கு மீறியதாக இருக்கிறது. நிற்காத வெண்புகைக்கு எரியாத டீசலோ உள்ளே புகுந்த நீரோ காரணம். சாப்டு உடலைவிட்டு வெளியேறும் இடத்தில் நீரைத் தடுக்கும் கிளாண்டில் கயிற்றுப் பேக்கிங் என்றால் ஓடும்போது சில சொட்டுகள் விழுவது இயல்பு, ஒழுகக்கூடாது. கரையில் இருக்கும்போது சாப்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று அறியலாம். புரொப்பல்லர் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலுள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்துபோய் உலோகம் பலமிழந்திருக்கிறது.

துருவையும் மின்கம்பிகளையும் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது?

நாம் நினைப்பதைவிடப் பெரிதாக. உலோக அரிப்பை ஆராயும் நாட்டின் முதன்மையான நிறுவனம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் எழுந்து, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. கடற்காற்றும் கடல்நீரும் உலோகங்களை என்ன செய்கின்றன என்று சோதிக்க மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. இவ்வளவு ஆய்வு தேவைப்படும் பகை நம் கரையின் உப்புக்காற்று.

படகில் இதன் நடைமுறைப் பொருள் இது. எஞ்சினின் கீழ்ப்பகுதியில் பொருத்திய துத்தநாகக் கட்டி, தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பதற்காக வைத்தது. அது பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். அறவே இல்லாமல் திருகு மட்டும் நின்றால் எஞ்சினின் அலுமினியம் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கட்டியின் மேல் வண்ணம் பூசியிருந்தால் அது வேலையே செய்யாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளும் பலகைக்குள் காற்றுப்படாமல் ஈரத்தில் இருக்கும் இடத்தில் அரிக்கும் என்பதால், ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. மின்கம்பியின் உறையைச் சிறிது சீவினால் உள்ளே செம்பு கருத்திருக்கிறதா என்பது தெரியும். கருத்த கம்பியை முழுவதுமாக மாற்றுவதற்கான செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.

எரிபொருள் தொட்டி?

நெடி வந்தால் கசிவு. குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். அடியில் நீர் தேங்கியிருக்கிறதா என்று சிறிது எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துத் தெளியவிட்டுப் பார்க்க வேண்டும்.

படகை நம் ஊர்க் கண்மாயில் இறக்கிச் சோதிக்கலாமா?

கண்மாயும் ஊருணியும் பொதுச் சொத்து. நீர்வளத் துறை அல்லது ஊராட்சியின் அனுமதியின்றி எஞ்சின் படகை இறக்கக்கூடாது. ஊருணியில் எண்ணெய் சிந்துவதை நினைத்தும் பார்க்கக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் அங்கே கசிவை மட்டும்தான் அறிய முடியும்.

கடலில் ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

பாக் நீரிணை ஆழம் குறைந்தது. வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று வீசும்போது அங்கே குறுகலான, செங்குத்தான அலைகள் எழும். விடியற்காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் கடலில் ஓட்டிக் காட்டியதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. சிறிது காற்று ஏறிய பிறகு, உரிமையாளரே சுக்கான் பிடிக்க, உயிர்காப்பு அங்கி அணிந்துகொண்டு செல்ல வேண்டும்.

கிளம்பும் முன் படகு நிலையாக மிதக்கும்போது, நீர்மட்டம் பழைய பாசிக் கோட்டைவிட மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலியான படகு அப்படித் தாழ்ந்து மிதந்தால், இருக்கைகளின் அடியில் உள்ள மிதவை நுரை நீரைக் குடித்திருக்கிறது. கடலில் முழு வேகத்தில் எஞ்சினின் சுழற்சி கையேட்டில் குறித்த வரம்பை எட்டுகிறதா என்று கைமானியால் அளக்கலாம். எட்டவில்லையென்றால் எஞ்சின் தளர்ந்திருக்கும், இல்லையேல் அடியில் சிப்பி படர்ந்திருக்கும், அல்லது பொருந்தாத புரொப்பல்லர் மாட்டியிருக்கும். கியர் மாற்றும்போது நறநறவென்ற ஒலி கூடாது. அவசர நிறுத்தக் கயிற்றை இழுத்தால் எஞ்சின் உடனே அணைய வேண்டும்.

அரை மணி நேரமாவது ஓட வேண்டும், ஏனெனில் சூட்டில் வெளிப்படும் குறைகள் பத்து நிமிடத்தில் தெரிவதில்லை. இந்தக் கடலடியில் கடற்புல் அடர்ந்திருப்பதால், குளிர்விக்கும் நீர் சட்டென்று குறைந்தால் முதலில் எஞ்சினை நிறுத்தி நீர் ஏறும் வாயில் புல் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைக் குறை சொல்ல வேண்டும். கரை திரும்பியதும் அடித்தளத்தில் புதிதாக நீர் சேர்ந்திருக்கிறதா என்றும், மீண்டும் கியர் ஆயிலின் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

மீன்பிடிப் படகு என்றால் மீன்வளத் துறையின் பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 பதிவைக் கட்டாயமாக்குகிறது. உடலில் எழுதிய பதிவு எண்ணும் சான்றில் உள்ள எண்ணும், எஞ்சின் தகட்டில் பொறித்த எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தகடு சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். படகின் மேல் வங்கிக் கடனோ சங்கக் கடனோ உண்டா, அரசு மானியத்தில் வாங்கிய எஞ்சின் என்றால் விற்பதற்கு நிபந்தனை உண்டா என்பதைத் துறை அலுவலகத்திலேயே கேட்டறிய வேண்டும். மீன்பிடிப் படகாகப் பதிவானதைச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றப் பயன்படுத்துவதற்கு அந்தப் பதிவு போதாது.

யாரை அழைத்துச் செல்வது?

விற்பவருக்கு உறவோ கடன்காரரோ அல்லாத ஒரு மெக்கானிக்கையும், ஃபைபர் வேலை தெரிந்த ஒருவரையும். தரகரே மெக்கானிக்கை ஏற்பாடு செய்வதாகச் சொன்னால் நன்றியோடு மறுத்துவிட வேண்டும். இருவருக்கும் ஒரு நாள் கூலி கொடுப்பதற்குத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். பின்பலகை ஒன்றை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி மிகச் சிறிது. கூலி கொடுத்துப் படகைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பி வருவதும் நட்டமல்ல.

வாங்கிய படகைக் காரைக்குடியிலேயே வைத்திருந்து, வேண்டும்போது எடுத்துச் செல்லலாமா?

உடலுக்கு அது நல்லதுதான். நீரில் கிடக்காமல் உலர்ந்திருக்கும். லாரியில் ஏற்றும்போது இரு முனைகளில் மட்டும் தாங்கல் கொடுத்தால் நடுவில் தொய்ந்துவிடும் என்பதால், ஏராவின் நீளம் முழுவதும் மணல் மூட்டையும் பழைய டயரும் வைக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் வடிகால் திருகைத் திறந்து வைத்து, காற்றோட்டம் உள்ள கூரையின் கீழ் நிறுத்த வேண்டும். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினால் உள்ளே ஈரம் தேங்கும். எஞ்சினுக்குத்தான் ஓய்வு ஆகாது. ஒவ்வொரு முறையும் கடலிலிருந்து வந்தவுடன் நல்ல நீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு, கார்புரேட்டரில் உள்ள எரிபொருளை வடித்துவிட்டு, உள்நீர் முழுவதும் இறங்கும்படி செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். படுக்கவைத்தால் தேங்கிய நீர் சிலிண்டர் பக்கம் போய்விடும்.